அருவியில் குளித்தது போதும், அருவியோடு இறங்குங்கள்!

அருவி என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குக் குற்றாலம்தான் ஞாபகம் வரும். சாரல் காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, கூட்டத்தோடு கூட்டமாக முண்டியடித்து, தலையையும் முதுகையும் அருவிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற அந்தச் சுகத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அருவியின் காலடியில் நிற்பவர் பார்ப்பது அது விழுந்து முடிகிற இடத்தை மட்டும்தான். அந்தத் தண்ணீர் எங்கே பாறையைக் குடைந்தது, எந்த வளைவில் சத்தத்தைக் கூட்டியது, எந்த மடுவில் சற்றே இளைப்பாறியது என்பதெல்லாம் மேலே இருக்கிறது. அந்த வழி முழுக்க நான் நடந்தும் நீந்தியும் சறுக்கியும் குதித்தும் வந்தேன். கடைசியில் கயிற்றில் தொங்கி, அருவியோடு அருவியாகக் கீழே இறங்கினேன். இலங்கையின் கித்துல்கலவில்! உடம்பு காய்ந்து வெகுநாள் ஆகிறது, மனசு இன்னும் ஈரமாகவே இருக்கிறது.

இந்த விளையாட்டுக்குக் கேன்யனிங் என்று பெயர். காட்டோடை ஒன்றின் தலையில் ஏறி, அது போகும் பாறை இடுக்கு வழியாகவே அடிவாரம்வரை இறங்கி வருவது. பிரான்சில் எதுவார் அல்பிரெட் மார்த்தேல் என்ற குகை ஆய்வாளர் 1905-ல் வெர்தோன் பள்ளத்தாக்கை ஆற்றின் வழியே கடந்தார். அப்படிப்பட்ட ஆய்வுப் பயணங்களில் தொடங்கியது, இன்று பிலிப்பைன்சின் செபு தீவிலிருந்து ஸ்பெயின் மலைகள்வரை லட்சக்கணக்கானோர் கொண்டாடும் விளையாட்டாக வளர்ந்திருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கத்து உடன்குடிக்காரனான எனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வராமல் இருந்தால்தான் அதிசயம்! எங்கள் ஊர் செம்மண் தேரியும் பனையும் உள்ள ஊர். பொதிகையில் பிறந்த தாமிரபரணி பாபநாசம், நெல்லை எல்லாம் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரிந்து, மிச்சம் இருந்தால் சடையனேரிக் கால்வாய் வழியாக எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கும். கால்வாயில் தண்ணீர் வந்தாலே பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்க்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு, மலையிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

கயிறோ எங்களுக்குப் பிறவிச் சொந்தம். தளைநாரில் கால் கோத்துப் பனையேறுகிறவர்களின் ஊர் இது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி அவர்கள் உழைப்பில் வந்ததுதான். கொஞ்சம் கிழக்கே போனால் கடல். அங்கே கயிற்றுக்கு இன்னொரு வரலாறு. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) 1961-ல் நடந்தது. அதுவரை குளியாள் ஒரு கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குவார், மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார், மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை ஓர் இழு இழுப்பார். தோணியில் நிற்பவர் அந்த இழுப்பை உணர்ந்து உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வேலையை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தன் அக்காள் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? மலை ஏறினாலும் மச்சான் துணை வேண்டும் என்ற பழமொழியும் இதே சங்கதிதான்.

ஆகவே, கேன்யனிங் போகலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்ததும் என் மச்சான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அத்தான், அங்க நமக்குக் கயித்த யாரு பிடிப்பா?"

இந்தப் பயணத்தைத் திட்டமிடும் எவருக்கும் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. அருவியின் உயரம், படம் எடுக்க நல்ல இடம், தங்கும் விடுதி எல்லாம் பிறகு. கயிறு பிடிக்கும் வழிகாட்டியை முதலில் தேடுங்கள். அவர் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். இது நான் அடித்துச் சொல்லும் ஒரே பாடம்.

நம் மலைகளில் ஏன் இறங்கக் கூடாது? பாணதீர்த்தம் அருவியும் மாஞ்சோலைப் பக்கத்து ஓடைகளும் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே கயிறு கட்டி இறங்கும் விளையாட்டுக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அந்தக் காடு பத்திரமாக இருந்தால்தான் எங்கள் கால்வாயில் தண்ணீர் வரும். தனியாகத் துணிந்து இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுப் பிள்ளையை அடித்துக்கொண்டு போனதை எங்கள் மாவட்டங்களில் யாரும் மறக்கவில்லை. முறையான வழிகாட்டிகளும் அனுமதிக்கப்பட்ட ஓடைகளும் உள்ள இடம் வேண்டும். அது கடலுக்கு அந்தப் பக்கமே இருந்தது.

கொழும்பு எங்களுக்குத் தூரதேசமா என்ன? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே தூத்துக்குடி–கொழும்பு வழிக்காகத்தான். உடன்குடி, காயல்பட்டினம் வணிகர் குடும்பங்களில் கொழும்புக் கதை இல்லாத வீடு அபூர்வம். இன்று மதுரைக்குப் போய் விமானம் ஏறினால், காபி குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் போகும் சாலையில் சில மணி நேரப் பயணம். கித்துல்கல வந்துவிடும்.

சிவனொளிபாதமலைப் பக்கத்து ஓடைகள் சேர்ந்து உருவாகும் களனி ஆறு இங்கேதான் மலையை விட்டு இறங்குகிறது. ஆஸ்கர் விருதுகளை அள்ளிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் பாலம் கட்டித் தகர்த்ததும் இந்த ஆற்றங்கரையில்தான். 1957-ல் வந்த படம். பக்கத்திலேயே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வாழ்ந்த பெலிலென குகை. ஆற்றின் மறுகரையில் மகந்தாவ மழைக்காடு. இலங்கையின் ஈரவலயம் என்றால் என்ன என்பதை அந்தக் காட்டுக்குள் காலை வைத்த நிமிஷத்தில் மூக்கே சொல்லிவிடும்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதலில் பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கித்துல்கலவை நனைத்துத் தள்ளும். அக்டோபர், நவம்பரிலும் மழை விடாது. எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறை தொடங்கும் ஏப்ரலில் அங்கே பிற்பகல் இடிமழை. ஆக, ஜனவரியும் பிப்ரவரியும்தான் தங்கமான மாதங்கள். தைப்பொங்கலை ஊரில் கொண்டாடிவிட்டு நான், மச்சான், என் அக்காள் மகள் மூவரும் கிளம்பினோம். எந்த மாதமானாலும் காலையிலேயே ஓடையில் இறங்கிவிட வேண்டும். வெப்பமண்டல மலைகளில் மேகம் திரள்வது மதியத்துக்கு மேல்தான்.

அடுத்தது வழிகாட்டி. பல நிறுவனங்களுக்கு எழுதினோம். விலை கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகள் இவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் எங்கே பெற்றீர்கள்? ஓடையின் நடுவில் வெளியேற எத்தனை இடங்களில் வழி இருக்கிறது? மழை வந்தால் பயணத்தை நிறுத்துவது யார் முடிவு, பணம் திரும்புமா? கயிறுகளை எப்போது மாற்றினீர்கள்? "மழையெல்லாம் பிரச்சினையே இல்லை" என்று ஒரு நிறுவனம் உற்சாகமாகப் பதில் போட்டது. அந்த நிமிஷமே அதை ஒதுக்கினோம். இன்னொருவர் எங்களிடமே திருப்பிக் கேட்டார்: யாருக்காவது இதயக் கோளாறு, முதுகு வலி, ஆஸ்துமா உண்டா? நீச்சல் எவ்வளவு தெரியும்? உயரம் கண்டால் பயமா? கூடவே, "முதல் நாள் இரவு மேலே மழை பெய்தால் உங்களை ஓடையில் இறக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றும் எழுதியிருந்தார். படித்ததும் மச்சான் துள்ளினான்: "அத்தான், இவருதான் நம்ம ஆளு!"

மழையைப் பற்றி இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செட்பாக் ஓடையில் கேன்யனிங் போன 21 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. மேலே பெய்த இடிமழை, குறுகிய பாறை இடுக்குக்குள் சுவராகத் திரண்டு வந்தது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், ஓடைக்கு உயிர் கொடுப்பது மேலே இருக்கும் வானம். நல்ல வழிகாட்டி காலடித் தண்ணீரையும் பார்ப்பார், மலைமுகட்டையும் பார்ப்பார். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைதழை திடீரென்று மிதந்து வந்தாலோ, சத்தத்தின் தொனி மாறினாலோ யோசிக்காமல் எல்லாரையும் மேட்டில் ஏற்றிவிடுவார்.

காப்பீடும் முக்கியம். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல சாகச விளையாட்டுகளை விலக்கிவைத்திருக்கும். கேன்யனிங் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடைக்குச் சீக்கிரம் காயும் முழுக்கால் சட்டை போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் கனக்கும். பிடிப்புள்ள பழைய கட்டுக் காலணி, அட்டை ஏறாத நீளக் காலுறை, கண்ணாடி போடுபவர்களுக்குப் பின்பக்கம் கட்டும் நாடா. மோதிரம், சங்கிலி, வளையல் எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

அந்தக் காலை எப்படி விடிந்தது தெரியுமா! மலையெல்லாம் மஞ்சு, ஆற்றின் மேல் ஆவி, காடு முழுக்கப் பெயர் தெரியாத பறவைகளின் சத்தம். எங்கள் வழிகாட்டி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. "வாங்க அண்ணே, வாங்க மச்சான்" என்று முதல் வார்த்தையிலேயே உறவாகிவிட்டார். என் அக்காள் மகளைப் பார்த்து, "தங்கச்சிதான் முதல்ல ஓடையில இறங்கணும்" என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவருக்கென்று கொண்டுபோன உடன்குடிச் சில்லுக்கருப்பட்டியைக் கொடுத்தேன். ஒரு சில்லை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டையைத் தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் இழுத்து இறுக்கினார். தலைக்கவசத்தின் நாடாவுக்கும் தாடைக்கும் இடையில் விரல் விட்டுப் பார்த்தார். மிதவை அங்கியைத் தோளைப் பிடித்துத் தூக்கி, கழுத்தைத் தாண்டி ஏறுகிறதா என்று சோதித்தார். கூட வந்த இன்னொரு வழிகாட்டியை அவர் சோதிக்க, அந்த வழிகாட்டி இவரைச் சோதித்தார். பிறகு பாடம். அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாது, ஆகவே விசில். ஒரு ஊதல் என்றால் நில். இரண்டு என்றால் மேலே இழு. மூன்று என்றால் கீழே விடு. நான்கு என்றால் கயிற்றை விட்டு விலகிவிட்டேன். நிறுத்தாமல் ஊதினால் ஆபத்து. தலையில் கைமுஷ்டி வைத்தால் நலம். முத்துக்குளித்தவர்களின் கயிற்று இழுப்பு எனக்கு அப்போதே நினைவுக்கு வந்து மெய்சிலிர்த்தது. தண்ணீருக்குள் போனவரோடு பேச மனிதர் கண்டுபிடித்த மொழி எந்தக் கரையிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது!

ஓடைக்குள் இறங்கியதும் முதல் மகிழ்ச்சி சறுக்கல். எத்தனையோ காலமாகத் தண்ணீர் தேய்த்து வழுவழுப்பாக்கிய பாறைச் சரிவு. மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, கால்களைச் சேர்த்து வைத்தால் ஓடையே நம்மை எடுத்துக்கொண்டு போகிறது. மடுவுக்குள் விழுந்து, மிதவை அங்கி தூக்கிவிட, மேலே வந்து ஒரு கத்து கத்தினேன் பாருங்கள், காடே திரும்பிப் பார்த்திருக்கும்! தண்ணீரும் உறைய வைக்கும் குளிர் கிடையாது. கித்துல்கல தாழ்வான மலையடிவாரம் என்பதால் ஒரு நல்ல குளுமை, அவ்வளவுதான்.

அடுத்தது குதித்தல். ஒவ்வொரு மடுவிலும் முதலில் இறங்குவது வழிகாட்டிதான். நேற்றும் குதித்த இடமாயிற்றே என்று அவர் விடுவதில்லை. ஒரே இரவு வெள்ளத்தில் கல்லும் மணலும் இடம் மாறிவிடும். அவர் மூழ்கி அடியைத் தடவிப் பார்த்து, எங்கே குதிக்க வேண்டும் என்று கையால் காட்டிய பிறகுதான் நாங்கள். நேராக நின்று, எட்டிக் கால் வைத்து, கால்களைச் சேர்த்து, நிமிர்ந்தபடி விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது அறவே கூடாது. மருமகள் விளிம்பில் நின்று, "மாமா, எண்ணுங்க!" என்றாள். நான் எண்ணி முடிப்பதற்குள் குதித்தே விட்டாள்!

கடைசியில் அருவி. இரண்டு பனை உயரம் இருக்கும். மேலே நின்று எட்டிப் பார்த்தால் அடியில் மடு, பதநீர் காயும்போது பொங்கி வரும் நுரை போல வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நுரை அழகுதான், ஆனால் அதில் காற்று கலந்திருப்பதால் மிதக்க வைக்கும் பலம் குறைவு என்று வழிகாட்டி விளக்கினார். அருவி விழும் இடத்தில் நீர் திரும்பத் திரும்பச் சுழலும் என்பதால், இறங்குபாதையை அங்கிருந்து தள்ளி அமைத்திருந்தார்.

கயிறு கட்டிய விதத்தை அவர் விளக்கியபோது நான் சொக்கிப்போனேன். அருவிக்குள் இறங்குபவர் நடுவில் சிக்கிக்கொண்டால், தலைமேல் தண்ணீர் கொட்டக் கொட்ட அங்கேயே தொங்குவது பேராபத்து. அதனால் கயிற்றை மேலே ஒரேயடியாக முடிச்சுப் போட்டு விடுவதில்லை. எந்த நேரத்திலும் வழிகாட்டி அதைத் தளர்த்தி, தொங்குபவரை அப்படியே மடுவில் இறக்கிவிடும்படி கட்டுகிறார்கள். கயிற்றின் நீளமும் தண்ணீரைத் தொடும் அளவோடு நின்றுவிட வேண்டும். மிச்சக் கயிறு மடுவில் சுருண்டால் காலைச் சுற்றும். கீழே இன்னொரு வழிகாட்டி கயிற்றின் நுனியைப் பிடித்து நிற்பார். நம் கை நழுவினாலும் அவர் கயிற்றை இறுக்கி இழுத்தால், இடுப்பிலிருக்கும் எட்டு வடிவ வளையத்தில் கயிறு அழுந்தி நாம் நின்றுவிடுவோம். மேலே ஒருவர், கீழே ஒருவர். மச்சான் காதில் மெல்லச் சொன்னேன்: "உன் கேள்விக்கு ரெண்டு பேரு பதில் சொல்லுதாங்க பாரு!"

என் முறை வந்தது. முதுகை வெளிக்குக் காட்டி, விளிம்பில் குதிகாலை வைத்து, பின்னால் சாய வேண்டும். உடம்பில் ஒவ்வொரு அணுவும் வேண்டாம் என்கிறது. வழிகாட்டியின் கண்ணைப் பார்த்தேன். "சாய்ங்க அண்ணே, நான் இருக்கேன்" என்றார். சாய்ந்தேன். இடுப்பை ஹார்னஸ் தாங்கியதும் பயம் அப்படியே கரைந்து, உள்ளே ஒரு பெரிய சந்தோஷம் எழுந்தது! கால்களை அகட்டி, பாதம் முழுக்கப் பாறையில் பதித்து, ஒவ்வொரு அடியாக இறங்கினேன். வலது கை இடுப்புக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருந்தது. அந்தக் கையை மட்டும் எதற்காகவும் விடக் கூடாது. பாதி வழியில் அருவி தலைமேல் விழுந்தது. முகத்தைத் தாழ்த்தி, தாடையை நெஞ்சோடு சேர்த்தால், தலைக்கவச விளிம்பின் கீழே மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருக்கிறது. அந்தச் சிறிய இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு, உலகமே தண்ணீராக இருந்த அந்த நிமிஷத்தில், வாழ்க்கையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கீழே வந்து கயிற்றை விட்டு விலகியதும் விசில் நான்கு முறை ஒலித்தது. மச்சான் இறங்கினான், மருமகள் இறங்கினாள். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மதியம் சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. பின்னாலேயே எருமைத் தயிரில் ஊற்றிய கித்துல் பாணி. கூந்தல்பனையின் பாளையைச் சீவி எடுத்த பதநீரைக் காய்ச்சிய பாகு அது. கருப்பட்டி ஊர்க்காரன் சொல்கிறேன், அமிர்தம்!

இந்த அனுபவம் இளவட்டங்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். எங்களோடு வந்த வேறொரு குழுவில் நரைத்த தலைகளும் இருந்தன. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மட்டும் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தாலும் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்ற ஓடையைத் தேர்ந்தெடுப்பார். குதிக்க மனமில்லை என்றால் பக்கவாட்டில் இறங்க வழி காட்டுவார். மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்தும் வழிகாட்டியை நம்பவே வேண்டாம்.

எனக்கு இப்போது ஒரு பெரிய ஆசை பிறந்திருக்கிறது. ஹட்டன் தோட்டத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை முறையாகப் பயிற்சி பெற்று, தன் மலை ஓடைகளிலேயே கௌரவமான தொழில் செய்கிறார். தமிழ்நாட்டிலும் காப்பகங்களுக்கு வெளியே, வனத்துறை ஒப்புக்கொள்ளும் ஓடைகளில் இதைத் தொடங்க முடியும். அதற்குக் கயிறும் நீரும் அறிந்த பிள்ளைகள் வேண்டும். பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகளும், மணப்பாட்டிலும் புன்னக்காயலிலும் கடலை அறிந்து வளர்ந்த பிள்ளைகளும் எங்கள் கரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! உயரமும் ஆழமும் அவர்களுக்குப் பரம்பரைப் பாடம். மீட்புப் பயிற்சியையும் முதலுதவியையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால், உலகின் எந்த அருவியிலும் நம்பிக் கயிற்றைக் கொடுக்கத்தக்க வழிகாட்டிகள் எங்கள் ஊரிலிருந்து வருவார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தைக்குத் திட்டம் போடுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள், விசா விதிகளைப் படியுங்கள், வீட்டில் நம்பிக்கையான ஆட்களைச் சேருங்கள். இணையத்தில் அருவிப் படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், நாலு வழிகாட்டிகளோடு நாலு வார்த்தை பேசுங்கள். அதில் யார் "மழை வந்தால் இறக்க மாட்டேன்" என்று சொல்கிறாரோ, அவரிடம் முன்பணத்தைக் கட்டிவிட்டுச் சந்தோஷமாகப் பெட்டியைக் கட்டுங்கள்!